இந்தக் கவியைக் கட்டியது யார்?

2025ஆம் ஆண்டு ஜூன் மாதம் கொல்லங்குடி கருப்பாயி அம்மாள் தமது 99ஆவது வயதில் காலமானார். தமிழ்நாட்டின் சிவகங்கை மாவட்டத்தைச் சேர்ந்த கிராமத்துப் பெண் அவர். வயல் வேலையோடு பழகிய பாட்டை அகில இந்திய வானொலிவரை கொண்டு சென்றவர். 1985இல் வெளிவந்த ‘ஆண்பாவம்’ திரைப்படத்தில் பாட்டியாக நடித்தவர். 1993இல் கலைமாமணி விருதும் பெற்றவர். அவரது மறைவுச் செய்தி எமது கல்முனைப் பகுதிக்கும் வந்து சேர்ந்தது. நாம் கேட்ட அளவில், பேச்சு முழுவதும் அந்தப் படத்தையும் அதில் அவர் சிரிக்க வைத்த காட்சிகளையும் பற்றியதாகவே இருந்தது. அவர் என்ன பாடினார், யாரிடமிருந்து அந்தப் பாட்டைக் கற்றார், எந்த அடியை அவரே கட்டினார் என்று கேட்டவர் ஒருவரும் இல்லை.

இவ்வாறு கேளாதிருப்பது தற்செயலான காரியம் அன்று என்பதே இக்கட்டுரையில் நாம் சொல்ல விரும்புவது.

கடந்த பத்து ஆண்டுகளில் மண்ணோடு ஒட்டிய பாட்டுக்காரர் பலர் மறைந்துவிட்டனர். 2016 ஜனவரியில் கே. ஏ. குணசேகரன், அதே ஆண்டு டிசம்பர் முதலாம் திகதி கவிஞர் இன்குலாப், 2018 ஜனவரியில் எமது நாட்டின் ஏ. ஈ. மனோகரன், 2020 மார்ச் மாதம், ஊரடங்கு நாட்களுக்கிடையில், பரவை முனியம்மா, 2023 ஆகஸ்டில் தெலுங்கானாவின் கத்தார். கடலுக்கு அப்பாலும் இதே கதைதான். அமெரிக்காவின் ஜோன் பிறைன் 2020 ஏப்ரலில் கொவிட் தொற்றினால் இறந்தார். கென்ரக்கி மாநிலத்து நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மகள் லொறெற்றா லின் 2022 ஒக்டோபரில் மறைந்தார். ஒருவர் இறந்ததும் அவரது புகைப்படம் கைத்தொலைபேசிகளில் இரண்டு நாட்களுக்குச் சுற்றி வருகிறது. மூன்றாம் நாள் வேறொரு முகம் வந்துவிடுகிறது. பாட்டுக்காரரை நினைவுகூர்வதற்குப் புகைப்படம் போதாது. அவருடைய பாட்டை எடுத்து வைத்துக்கொண்டு, இது என்ன சொல்கிறது, யாருக்காகச் சொல்கிறது என்று பார்ப்பதே அவருக்குச் செய்யும் மரியாதையாகும்.

குணசேகரனையும் இன்குலாப்பையும் எடுத்துக்கொள்வோம். இருவரும் ஒரே ஆண்டில் போனவர்கள்; ஒரே பாட்டால் பிணைக்கப்பட்டவர்கள். இன்குலாப் என்ற பெயரில் எழுதிய சாகுல் ஹமீது கீழக்கரையில் பிறந்தவர். சென்னை புதுக்கல்லூரியில் தமிழ் கற்பித்தவர். குணசேகரன் இளையான்குடிப் பக்கத்துத் தலித் குடும்பத்தில் பிறந்தவர். ‘மனுசங்கடா’ என்ற பாடலை எழுதியவர் முன்னவர். அதை மேடையிலும் ஒலிநாடாவிலும் பாடி ஊர் ஊராகக் கொண்டு போனவர் பின்னவர். தாழ்த்தப்பட்ட மக்கள் கூடும் கூட்டங்களில் அந்தப் பாட்டு ஒலிக்காத இடம் தமிழ்நாட்டில் இல்லை எனலாம். அதில் சிக்கலான உவமையோ கடினமான சொல்லோ கிடையாது. உன்னைப்போலவே நானும் மனிதன் என்ற ஒரே வழக்கைத்தான் அது கோபத்தோடு எடுத்துரைக்கிறது. 1968ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் திகதி கீழ்வெண்மணியில் நெற்கூலி கூட்டிக் கேட்டதற்காகக் குடிசைக்குள் வைத்து 44 பேர் எரிக்கப்பட்ட ஒரு நாட்டிலே, அந்த ஒரு வழக்கைச் சொல்வதற்கும் ஒரு பாட்டு வேண்டியிருந்தது.

குணசேகரன் எழுதிய ‘வடு’ என்ற தன்வரலாற்று நூலை எமது வாசகர்கள் தேடிப் படிக்க வேண்டும். முஸ்லிம்கள் நிறைந்த இளையான்குடியில் தாம் வளர்ந்த நாட்களைப்பற்றியும், அங்கே முறை சொல்லிப் பேசிப் பழகிய அயலவர்களைப்பற்றியும், அந்த ஊரைத் தாண்டி உறவினர் கிராமங்களுக்குப் போகும்போது சாதி எவ்வாறு தம்மை எதிர்கொண்டது என்பதைப்பற்றியும் அவர் எழுதுகிறார். தமிழரும் முஸ்லிம்களும் அருகருகே வாழும் எமது கரையோரத்தில், முறைச்சொல் என்பது எவ்வளவு பெரிய காரியம் என்று நாம் அறிவோம். 1985க்குப் பின்னும் 1990க்குப் பின்னும் மச்சான், காக்கா என்று அழைத்த வாய்கள் எவ்வளவு விரைவாக மூடிக்கொண்டன என்பதையும் அறிவோம்.

இன்குலாப்பைப்பற்றி இன்னொன்று. அவர் இறந்தபின் 2017ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது அவரது ‘காந்தள் நாட்கள்’ நூலுக்கு அறிவிக்கப்பட்டது. அவருடைய குடும்பத்தார் அதை ஏற்க மறுத்துவிட்டனர். வாழ்ந்த காலத்தில் அரசின் விருதுகளை விரும்பாதவருக்கு இறந்தபின் அதைச் சூட்டுவது முறையல்ல என்பது அவர்களது நிலைப்பாடு. பாட்டைக் கட்டியவரின் விருப்பம் அவருடைய மரணத்தோடு முடிந்துவிடுவதில்லை என்பதை இவ்வளவு தெளிவாகச் சொன்னவர்கள் வேறு யாரையும் நாம் கண்டதில்லை.

மனோகரனைப்பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ‘சுராங்கனி’யைப் பாடாத பாடசாலைச் சுற்றுலா பஸ் இந்த நாட்டில் ஓடியதில்லை. தமிழ்நாட்டில் அவரைச் சிலோன் மனோகர் என்றார்கள். போர்த்துக்கேயர் வழிவந்த பைலாவின் தாளத்தில், சிங்களமும் தமிழும் கலந்த சொற்களில், மீன் கொண்டு வரும் கதையைப் பாடியவர். அதைக் கேளிக்கைப் பாட்டு என்று தள்ளுகிறவர்கள் உண்டு. இரு மொழிக்காரரும் ஒருசேரக் கைதட்டிப் பாடக்கூடிய பாட்டு இந்த நாட்டில் வேறு எத்தனை உண்டு என்று அவர்கள் எண்ணிப் பார்க்கட்டும்.

ஜோன் பிறைன் பாட்டுக்காரராகுமுன் சிக்காகோ நகரத்துக்கு அருகே தபால்காரராக வேலை செய்தவர். 1971இல் வந்த அவரது முதலாவது இசைத்தட்டில் ‘பரடைஸ்’ என்றொரு பாட்டு இருக்கிறது. கென்ரக்கியில் பசுமை ஆற்றங்கரையிலே அப்பெயரில் ஒரு சிற்றூர் இருந்தது. அவருடைய பெற்றோரின் பூர்வீகப் பகுதி அது. நிலக்கரிக் கம்பெனி மண்ணை மேலிருந்து சுரண்டி எடுத்தபின் அந்த ஊர் இல்லாமற் போயிற்று. ஒரு மகன் தன் தகப்பனிடம், என்னை அந்த ஊருக்குக் கூட்டிப் போங்கள் என்று கேட்பதும், அது இப்போது இல்லையே என்று தகப்பன் சொல்வதும்தான் பாட்டு. கம்பெனியின் பெயரையும் அவர் பாட்டிலேயே சொல்லிவிடுகிறார். கல்லோயாத் திட்டம் 1949இல் தொடங்கி இங்கினியாகலையில் அணை எழுந்தபோது, அந்தப் பள்ளத்தாக்கில் வேடுவர் வாழ்ந்த காடும் நீருக்குள் போயிற்று. சேனாநாயக்க சமுத்திரத்தின் கொள்ளளவையும் அதில் விளைந்த ஏக்கர் கணக்கையும் எமது பாடசாலைப் பிள்ளைகள் மனனம் செய்கிறார்கள். நீருக்குள் போன ஊர்களின் பாட்டை யாராவது கேட்டார்களா? அந்தத் தண்ணீரில் எமது வயல்களும் விளைகின்றன என்பதால் இந்தக் கேள்வியிலிருந்து நாம் தப்பிக்க முடியாது.

லொறெற்றா லின் சுரங்கத் தொழிலாளியின் மகளாய்ப் பிறந்ததைப் பாட்டாக்கிப் புகழ் பெற்றவர். பதினைந்து வயதில் மணமுடித்து, இருபது முடிவதற்குள் நான்கு பிள்ளைகளுக்குத் தாயானவர். 1975இல் கருத்தடை மாத்திரையைப்பற்றிய அவரது பாட்டைப் பல வானொலி நிலையங்கள் ஒலிபரப்ப மறுத்தன. எமது திருச்சபையின் போதனையும் அந்தப் பாட்டோடு ஒத்துப் போவதில்லை என்பதை வாசகர்கள் அறிவார்கள். ஆயினும் ஓயாத பிரசவத்தால் களைத்துப்போன ஒரு பெண்ணின் பேச்சை அவள் வாயாலேயே கேட்க வேண்டுமானால் அந்தப் பாட்டைக் கேட்க வேண்டும். சுகாதாரத் திணைக்களத்துப் புள்ளிவிவரத்தில் அந்தக் களைப்பு இல்லை.

இனி எமது ஊர்ப் பக்கம் வருவோம்.

இறக்காமம் குளத்தின் கீழ் விரிந்து கிடக்கும் வட்டைகளைப் பார்த்தவர்களுக்கு நாம் சொல்வது விளங்கும். கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று முதலிய கரையோர ஊர்களின் போடியார்கள் பலருக்கு வயல் உள்ளே, காட்டோரம். வயற்காரரும் முல்லைக்காரரும் விதைப்பு முதல் அறுவடைவரை வாடியிலே தங்குவார்கள். இரவில் யானைக்கும் பன்றிக்கும் காவல். ஒரு பரணில் இருப்பவன் ஒரு கவி படிப்பான்; எட்டாத தூரத்துப் பரணில் இருப்பவன் அதே மெட்டில் விடை சொல்வான். நாலு அடி, எதுகையில் ஒரு கொக்கி, விளிப்பதற்கு ஒரு மச்சி. கரையில் விட்டுவந்த மனைவியை நினைத்துப் பாடுவதும், போடியாரின் கணக்கு எப்போதும் அவர் பக்கமே சாய்வதைக் குத்திக் காட்டுவதும் அதற்குள் அடங்கும். வீட்டிலோ, பெண்களுக்கென்று வேறு கவி. பாய் இழைக்கும்போதும் பிள்ளையை உறங்க வைக்கும்போதும் கல்யாண வீட்டில் கூடியிருக்கும்போதும் படிப்பது. தமிழ்க் கிராமத்திலும் முஸ்லிம் கிராமத்திலும் கவியின் மெட்டு ஒன்றுதான். எது எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று பிரித்துச் சொல்ல எவராலும் முடியாது, முடியாமலிருப்பதே நல்லது.

அமெரிக்காவின் தெற்கே, மிசிசிப்பிப் பருத்தி வயல்களில் பிறந்த ‘புளூஸ்’ பாட்டும் இத்தகையதே. அங்கேயும் நிலம் ஒருவருக்கு, உழைப்பு இன்னொருவருக்கு. பருவ முடிவில் கணக்குப் பார்த்தால் உழைத்தவன் கடனாளி. 1941ஆம் ஆண்டு அலன் லோமக்ஸ், ஜோன் வேர்க் என்ற இரு ஆய்வாளர்கள் ஒலிப்பதிவுக் கருவியைக் காரில் ஏற்றிக்கொண்டு ஸ்ரோவல் என்ற தோட்டத்துக்குப் போனார்கள். அங்கே உழவு இயந்திரம் ஓட்டிக்கொண்டிருந்த ஒரு வாரக் குடியானவரைப் பாட வைத்துப் பதிந்தார்கள். பாட்டோடு அவருடைய பெயரையும் கேட்டு எழுதினார்கள். தமது குரலைக் கருவியிலிருந்து திருப்பிக் கேட்ட அந்த மனிதர், தம்மாலும் முடியும் என்று நம்பி, இரண்டு ஆண்டுகளில் சிக்காகோவுக்குப் புறப்பட்டுவிட்டார். உலகம் பிற்பாடு மடி வோட்டர்ஸ் என்று அறிந்தவர் அவர்தான். பெயரைக் கேட்டு எழுதிய அந்த ஒரு வரி இல்லாவிட்டால், அந்தப் பாட்டும் “மிசிசிப்பி நாட்டார் பாடல்” என்ற தலைப்பின்கீழ் ஒரு இலக்கமாகவே கிடந்திருக்கும்.

எமது மட்டக்களப்புப் பிரதேசத்துக்கும் ஒலிப்பதிவு வராமலில்லை. 1950களில் அமெரிக்க இயேசுசபைக் குருவான லாங் அடிகளார் மட்டக்களப்பு வாவிக்குள் ஒலிவாங்கியை இறக்கிப் பாடும் மீனின் ஓசையைப் பதிவு செய்தார். அது நல்ல காரியமே. நாம் குறை சொல்லவில்லை. வாவி மீனுக்குக் கிடைத்த அந்த வாய்ப்பு வட்டையில் பாடிய மனிதர்களில் எத்தனை பேருக்குக் கிடைத்தது என்று மட்டும் எண்ணிப் பார்க்கிறோம்.

கவிகளைத் திரட்டிய பெரியோர் உண்டு. பண்டிதர் வீ. சீ. கந்தையாவின் ‘மட்டக்களப்புத் தமிழகம்’ 1964இல் வந்தது. பேராசிரியர் சு. வித்தியானந்தனும் கலாநிதி இ. பாலசுந்தரமும் நாட்டார் பாடல்களில் உழைத்தவர்கள். நிந்தவூர் எஸ். முத்துமீரான் கிழக்கிலங்கை முஸ்லிம்களின் பாடல்களைத் தேடித் தேடி நூலாக்கினார். இவர்கள் இல்லாவிட்டால் எம்மிடம் ஒன்றுமே இருந்திராது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் வந்தபோது அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். அவர்களோடு எத்தனை பேர் மனத்தில் வைத்திருந்த கவிகளும் போயின என்பதற்குக் கணக்கில்லை. அச்சில் ஏறியிருந்தவை தப்பின. ஆனால் பொதுவாக நாட்டார் பாடல் தொகுப்பு ஒன்றைத் திறந்தால், தாலாட்டு, காதல், தொழில் என்று வகை பிரித்திருக்கும்; திரட்டியவரின் பெயர் அட்டையில் இருக்கும்; கட்டியவரின் பெயர் எங்குமே இராது.

இதற்கு அறிஞர்கள் சொல்லும் நியாயம் எமக்குத் தெரியும். நாட்டார் பாடலுக்குத் தனி ஆசிரியன் இல்லை. அது பலர் வாய்ப்பட்டுத் தேய்ந்து உருண்ட கூழாங்கல். சமுதாயமே அதன் ஆசிரியன் என்பார்கள். குருமடத்தில் படிக்கிற காலத்தில் இதை நாமும் பாடமாகப் படித்திருக்கிறோம். பழைய பாட்டுகள் பலவற்றுக்கு இது பொருந்தும். எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொண்டதிலேதான் அநியாயம் தொடங்குகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் இறக்காமத்தில் பெண்கள் சிக்கனக் குழு ஒன்றின் கூட்டம் முடிந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்த வேளையில், எழுபது வயதைத் தாண்டிய ஒரு மூத்தும்மா தொடர்ந்து பதினைந்து, பதினாறு கவிகள் படித்தார். கூட வந்திருந்த இளைஞர் ஒருவர் கொப்பியில் எழுதினார். “இதெல்லாம் பழைய நாட்டார் பாடல்தானே?” என்று அவர் கேட்டதற்கு அந்த அம்மா சிரித்துவிட்டுச் சொன்னார்: “எல்லாம் பழசில்ல, தம்பி. முதல் படிச்சது எங்கட உம்மா கட்டின. சின்ன வயசில எங்கட வாப்பா வாடிக்குப் போய் மூணு மாசம் வரல்ல, அப்ப கட்டின. அந்தக் கிணத்துக் கவி வரிப்பத்தாஞ்சேனையில ஒரு ராத்தா கட்டின. கடைசி நாலும் நான் கட்டின.” அவருக்கு எல்லாமே தெரிந்திருந்தது: எந்தக் கவி யாருடையது, எந்த வருடத்துப் பஞ்சத்தில் வந்தது, எந்த அடியைத் தாம் மாற்றினார், ஏன் மாற்றினார் என்பதெல்லாம். இளைஞரின் கொப்பியில் அதற்கான இடம் இருக்கவில்லை. இலக்கம், பாடல், வகை என மூன்றே நிரல்கள்.

அவர் கட்டியவற்றில் ஒன்று வெட்டு மெசினைப்பற்றியது. முன்னர் எருமை கட்டிச் சூடு மிதித்தார்கள். பின்னர் உழவு மெசின் வந்து மிதித்தது. இப்போது வெட்டு மெசின் வயலுக்குள் இறங்கி, வெட்டி, அடித்து, நெல்லை மூட்டையாகவே வெளியே தள்ளிவிடுகிறது. களவெட்டி இல்லை, பொலி இல்லை, பொலிப்பாட்டும் இல்லை. களத்திலே மட்டும் வழங்கிய தனிச் சொற்கள், மாட்டுக்கும் நெல்லுக்கும் கூட வேறு பெயர் சொல்லி அழைத்த அந்தக் களத்துப் பேச்சு, இன்று ஐம்பது வயதுக்குக் குறைந்த எவர் வாயிலும் இல்லை. போடியாருக்கு இலாபம், மழைக்கு முன் வெட்டி முடிகிறது, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் வெட்டு முடிந்த வயலில் கதிர் பொறுக்கி இரண்டு மாதத்துக்கு அரிசி சேர்த்த கைம்பெண்களுக்கு மெசின் எதையும் விட்டு வைப்பதில்லை. அந்த அம்மாவின் கவி இதைத்தான் நாலு அடியில் சொல்லியது. மெசினை ஒரு மாப்பிள்ளையாக்கி, வந்தார், வயிறாறச் சாப்பிட்டார், பானையையும் எடுத்துக்கொண்டு போனார் என்று கேலி செய்தது. விவசாய இயந்திரமயமாக்கலும் பெண்களின் வாழ்வாதாரமும் என்ற தலைப்பில் நாம் அமர்ந்திருந்த கருத்தரங்குகள் எத்தனையோ. அவற்றில் எந்த அறிக்கையும் இவ்வளவு சுருக்கமாகவும் சரியாகவும் அந்த விடயத்தைச் சொன்னதில்லை.

அந்த அம்மா இன்று இல்லை. அவர் மௌத்தாகி ஒரு வருடம் ஆவதற்குள் ஒரு நிறுவனம் வெளியிட்ட வர்ணச் சிறுநூல் ஒன்று எமது கைக்கு வந்தது. அந்த மெசின் கவி அதிலே இருக்கிறது. “எமது பிரதேச நாட்டார் பாடல்” என்று மேலே தலைப்பு. கீழே நிறுவனத்தின் இலச்சினை. பின்னட்டையில், அனுமதியின்றி எப்பகுதியையும் மறுபிரசுரம் செய்யலாகாது என்ற எச்சரிக்கை. யாருடைய அனுமதி? நூலைத் தயாரித்தவர்களிடம் கேட்டபோது, நாட்டார் பாடலுக்கு உரிமையாளர் கிடையாதே என்று மிகுந்த மரியாதையோடு பதில் சொன்னார்கள். உரிமையாளர் இல்லாத பொருளுக்கு வேலி மட்டும் எப்படி வந்தது என்பதற்கு அவர்களிடம் பதில் இருக்கவில்லை.

இது இங்கு மட்டும் நடப்பதன்று. அமெரிக்காவில் வீட்டு வேலை செய்து பிழைத்த கறுப்பினப் பெண் எலிசபெத் கொற்றன், சிறுமியாக இருந்தபோதே தம் ஊரைக் கடந்து போகும் சரக்குப் புகைவண்டியைப்பற்றி ஒரு பாட்டுக் கட்டினார். வேலை செய்த வீட்டாரிடமிருந்து அது இங்கிலாந்துவரை போயிற்று. 1950களில் அங்கே வேறு இருவர் தமது பெயரில் அதைப் பதிவு செய்து கொண்டார்கள். அது அவருடைய பாட்டுத்தான் என்று நிலைநாட்டப் போராட வேண்டியிருந்தது. அவருக்காகப் பேச அந்த வீட்டார் இருந்தார்கள். அவர்கள் ஊரறிந்த இசைக் குடும்பத்தினர். அப்படிப் பேசுவதற்கு ஆள் இல்லாதவர்களின் பாட்டெல்லாம் “மரபுவழிப் பாடல்” ஆகிவிட்டது.

தொண்டு நிறுவனங்கள் கவியைப் பயன்படுத்தும் விதத்தைப்பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மலசலகூடம் கட்டுங்கள், கொதித்தாறிய நீர் அருந்துங்கள், சிறுகடனை ஒழுங்காகச் செலுத்துங்கள் என்றெல்லாம் கவி மெட்டில் எழுதி வீதி நாடகத்தில் பாடுகிறார்கள். மக்கள் இரசிக்கவும் செய்கிறார்கள். ஆனால் கடன் கொடுப்பவரின் பேச்சையே எப்போதும் பாடுகிற கவி எமது ஊர்க் கவி அன்று. கடன் வாங்கியவள் தன் பக்கத்தைச் சொல்வதற்காகப் பிறந்த வடிவம் அது. வாராந்தத் தவணைக்கு வீட்டு வாசலில் வந்து நிற்பவரைப்பற்றி இந்தப் பக்கத்துப் பெண்கள் கட்டிய கவிகள் இருக்கின்றன. அவற்றை எந்த வீதி நாடகத்திலும் நாம் கேட்டதில்லை.

இங்கே தயக்கத்தோடு சொல்ல வேண்டியதும் உண்டு. முஸ்லிம் கிராமங்களில் பெண்ணின் குரல் வெளியார் காதில் விழுவதை விரும்பாத குடும்பங்கள் இருக்கின்றன. ஒப்பாரியை மார்க்கம் அனுமதிப்பதில்லை என்று மௌலவிமார் சொல்கிறார்கள். அதைப்பற்றித் தீர்ப்புச் சொல்வது எமது வேலையும் அன்று. வேற்றுச் சமயத்தவரான எமக்கு அது தகுவதும் அன்று. அந்த மூத்தும்மாவின் பெயரை இக்கட்டுரையில் நாம் எழுதாமைக்கும் அதுவே காரணம். ஒரு சஞ்சிகையில் உம்மாவின் பெயர் வருவதை அவருடைய மக்கள் விரும்பவில்லை. பெயரை எழுத வேண்டும் என்று வற்புறுத்துகிற கட்டுரையிலேயே பெயர் இல்லாதிருப்பது வாசகர்களுக்கு விசித்திரமாகத் தோன்றலாம். ஆனால் அதே மக்கள், ஊரிலே, தங்கள் குடியைச் சேர்ந்தவர்கள் வைத்திருக்கும் கொப்பியில் உம்மாவின் பெயரையும் உம்மும்மாவின் பெயரையும் எழுதுவதற்கு மகிழ்ச்சியோடு சம்மதித்தார்கள். ஊருக்குள் தெரிய வேண்டும், உலகத்துக்கு வேண்டாம் என்பது அவர்களது எண்ணம். பெயரை மறைப்பது வேறு, பெயரே இல்லை என்பது வேறு. எதை, யாருக்கு, எவ்வளவு சொல்வது என்று தீர்மானிப்பவர் பாட்டின் சொந்தக்காரராக இருக்க வேண்டும்.

இதில் எமது கரையோரத்துக்கு ஒரு வசதியும் இருக்கிறது. இங்கே தமிழரிடையேயும் முஸ்லிம்களிடையேயும் குடி தாய்வழியாக வருகிறது. இன்னாருடைய மகள், இன்ன குடி என்று கேட்டால் நான்கு தலைமுறைவரை சொல்லக்கூடிய மூத்த பெண்கள் இன்னும் இருக்கிறார்கள். தாயிடமிருந்து மகளுக்கு வந்த கவியின் வழியைக் கண்டுபிடிப்பதற்கு இதைவிட நல்ல ஏற்பாடு வேறெங்கும் கிடையாது. பொல்லடி அண்ணாவிமாரைக் கேட்டால் தமக்குக் கற்பித்தவர், அவருக்குக் கற்பித்தவர் என்று வரிசையாகச் சொல்வார்கள். தாளத்தில் ஒரு மாற்றத்தை யார் புகுத்தினார் என்பதுகூட அவர்களுக்கு நினைவிருக்கிறது.

ஆகவே ஆசிரியர்களிடமும் கிராம மட்டத்தில் பணியாற்றும் ஊழியர்களிடமும் நாம் கேட்பது பெரிய திட்டமொன்றை அன்று. இதற்கு நிதி கேட்டு விண்ணப்பம் எழுதவும் தேவையில்லை. ஒரு நாற்பது தாள் கொப்பி போதும். பாடலை எழுதும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் சில கேள்விகளுக்கு இடம் விட்டுக்கொள்ளுங்கள்: இதைக் கட்டியவர் யார்? அவருடைய தாய் யார், குடி எது? எப்போது, என்ன நடந்தபோது கட்டினார்? உங்களுக்கு யார் படித்துக் காட்டினார்? நீங்கள் எந்த அடியை மாற்றினீர்கள்? இதை வெளியே சொல்லலாமா, கூடாதா? கடைசிக் கேள்விக்குக் கூடாது என்று பதில் வந்தால், கொப்பியை அந்த வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். குரலைப் பதிவு செய்ய விரும்பாதவரிடம் கைத்தொலைபேசியை நீட்ட வேண்டாம். அவர் சொல்லச் சொல்ல எழுதினால் போதும்.

வேலை அவசரமானது. வாடியில் காவலிருந்து கவி படித்த தலைமுறையில் இன்று உயிரோடிருப்பவர்களுக்கு எழுபது, எண்பது வயது. இறக்காமத்தில் நாம் அறிந்த அளவில் இப்போது அப்படியானவர்கள் ஆறு பேர். அவர்களில் இருவருக்குக் காது கேட்பதில்லை. ஆனால் கவி மறக்கவில்லை. பெரும்போக அறுவடை முடிந்தபின் பகல் வேளையில் அவர்கள் வீட்டில்தான் இருப்பார்கள்.